மதினியின் மண்ணீரலை எடுத்த நாள்

மதினியின் நோயை முதலில் எங்களுக்குக் காட்டிக் கொடுத்தது ஒரு அட்டைக்கடிதான்.

மழை மாதத்தில் தேயிலைக்குள் இறங்கினால் அட்டை கடிக்காமல் யாரும் மேலே ஏறி வர மாட்டார்கள். சுண்ணாம்பை அப்பினால் கொஞ்ச நேரத்தில் ரத்தம் கட்டிவிடும். அன்றைக்கு மதினிக்குக் கணுக்காலில் கடித்தது. கொழுந்து நிறுத்து, லயத்துக்கு வந்து, உலை வைத்து, சோறு வடித்து இறக்கிய பிறகும் ரத்தம் வழிந்துகொண்டே இருந்தது. கட்டிய துணி நனைந்து, அதற்கு மேல் கட்டிய துணியும் நனைந்தது.

மதினி என்றால் என் வீட்டுக்காரரோட அக்கா. சின்னப் பிள்ளைகளாகச் சிலோனில் இருந்து கப்பலேறி வந்தவர்கள் நாங்கள். என் வீட்டுக்காரரும் மதினி வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்து, பிள்ளைகள் திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனிக்குப் போன பிறகு, சோலூருக்கு அந்தப் பக்கம் ஒரு எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் ஒரே அறைக் காம்பராவில் ரெண்டு பேரும் இருக்கிறோம். எங்களுக்குள் பேச்செல்லாம் மதினியோடது. கடையில் உப்பு கேட்பதும் மதினி, காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கிற பெரட்டில் வேலை கேட்பதும் மதினி. நான் பின்னால் நிற்பேன். எனக்கு ஆள் முன்னால் வாய் வராது. அது மதினிக்கும் சௌகரியமாகத்தான் இருந்தது.

அப்புறம் கையெல்லாம் நீலம் நீலமாகக் கன்றிப் போக ஆரம்பித்தது. இடிக்கவே வேண்டாம், கொழுந்துச் சாக்கின் கயிறு பட்டாலே போதும். காலையில் பெரட்டில் நிற்கும்போது பக்கத்துக் காம்பராக்காரி என்னைக் காட்டி மதினியிடம் சொன்னாள்.

"என்னாக்கா, இந்த ஊமை இப்படி அடிக்குமா. நாங்க இவள சாதுன்னுல்ல நெனச்சிருந்தோம்."

"அடிக்கிறது அவதான், அழுகுறதும் அவதான்," என்று மதினி சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். அன்றைக்குச் சாயங்காலம் மதினி பல் விளக்கித் துப்பினது சிவப்பாக இருந்தது. அதற்குப் பிறகு நாங்கள் சிரிக்கவில்லை.

எஸ்டேட் டிஸ்பென்சரியில் ஊட்டிக்குப் போகச் சொன்னார்கள். ஊட்டி ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள், இடுப்பெலும்பில் ஊசி போட்டும் எடுத்தார்கள். ரத்தத்தை உறைய வைக்கிற பிளேட்லெட் மதினிக்கு மிகவும் குறைந்து போயிருந்தது. அதை உடம்பே அழிக்கிறது, மண்ணீரல்தான் அழிக்கிற இடம் என்றார்கள். மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை தின்றால் பிளேட்லெட் ஏறும், முகம் பன் மாதிரி வீங்கும், சர்க்கரையும் ஏறும். மாத்திரையைக் குறைத்தால் பிளேட்லெட் இறங்கிவிடும். இப்படியே ஒரு மழை போய் ஒரு பனியும் போனது. கடைசியில் மண்ணீரலை எடுத்துவிடலாம் என்று ஆபரேசன் டாக்டரிடம் அனுப்பினார்கள்.

அவர் கோயம்புத்தூர்க்காரர். அவசரமில்லாமல் பேசுவார்.

"ரெண்டு விதமா எடுக்கலாமுங்க. ஒண்ணு, இடது விலாவுக்குக் கீழ நீளமா வெட்டித் தொறந்து, கைய உட்டு எடுக்கறது. இன்னொண்ணு, நாலு சின்ன ஓட்டை போட்டு, ஒண்ணுல கேமராவ உட்டு, டிவில பாத்துக்கிட்டே எடுக்கறது. ஓட்டைல பண்றதுக்கு நேரம் கூட ஆகும். ஆனா வலி கம்மி, சீக்கிரம் எந்திரிச்சு நடக்கலாம், சீக்கிரம் ஊட்டுக்குப் போகலாம். உங்களுக்கு மண்ணீரல் வீங்கல, அதனால ஓட்டையே போதும். உள்ள போயி ரத்தம் நிக்கலீன்னா மட்டும் அப்பவே தொறந்துருவோம். அதுக்கும் சேத்துத்தான் கையெழுத்து வாங்குவோம்."

மதினி விடவில்லை. "ஒரு ஈரல் முழுசா அந்த ஓட்டை வழியா எப்படிங்க வரும்?"

"உள்ளயே ஒரு பைய விரிச்சு, அதுக்குள்ள போட்டு, பைக்குள்ளயே உடைச்சுத் துண்டு துண்டா எடுத்துருவோமுங்க."

"கொழுந்தச் சாக்குல அமுக்குற மாதிரி."

டாக்டர் சிரித்தார். "ஏனுங்கம்மா, இதுக்கு முன்னால வயித்துல ஏதாச்சும் ஆபரேசன் பண்ணியிருக்கறீங்களா?"

"ஒண்ணுமில்லைங்க. ஒடம்புல கத்தி படாமயே இத்தன வருசம் ஓட்டிட்டேன்."

பின்னால் நின்ற நானும் தலையை ஆட்டினேன். அப்போது எங்கள் ரெண்டு பேருக்குமே அது உண்மையாகத்தான் இருந்தது.

லயத்தில் மண்ணீரல் விஷயம் தெரிந்தவர் ஒருத்தர் மட்டும் உண்டு. அவரைக் காட்டுமாட்டுக்காரர் என்போம். பாக்டரியில் இருந்து விடியக் காலையில் நடந்து வரும்போது காட்டுமாடு முட்டித் தூக்கிப் போட்டதில் அவருக்கு மண்ணீரல் கிழிந்து, அவசரமாக வயிற்றைத் திறந்து எடுத்தார்கள். நெஞ்சுக் குழியில் இருந்து தொப்புளைத் தாண்டிக் கீழே வரைக்கும் தையல். யாராவது வயிற்று வலி என்று சொன்னாலே சட்டையைத் தூக்கிக் காட்டுவார். அன்றைக்கு எங்கள் வாசலில் நின்றும் தூக்கினார்.

"பாரு. கைய விட்டுத் தேடி எடுத்தான் எனக்கு. ஓட்டை வழியா எட்டிப் பாக்குறதுக்கு வயிறு என்னா அடுத்த வீட்டு ஜன்னலா. தொறந்து பாத்துச் செய்யச் சொல்லு."

"ஒனக்குக் காட்டுமாடு பாதியத் தொறந்து வெச்சுச்சு, டாக்டர் மீதியத் தொறந்தாரு. என்னைய எந்த மாடும் முட்டலயே," என்றார் மதினி. "சட்டைய எறக்கு, பொம்பளைங்க நிக்கிறோம்."

அவர் சட்டையை இறக்கிக்கொண்டார். பிறகு குரலை மாற்றி ஒரு விஷயம் சொன்னார். "வெட்டுனது ஆறிரும். அதுக்கப்புறம் காய்ச்சல் வந்தா மட்டும் வெளையாடாத. மண்ணீரல் இல்லாத ஒடம்புக்குக் காய்ச்சல் வேற மாதிரி. நான் கடையில மாத்திரை வாங்கித் தின்னுட்டுப் படுத்தேன். மறுநா ஜீப்புல தூக்கிப் போட்டுக்கிட்டுப் போனாங்க. எனக்கு ஒண்ணும் தெரியல."

மதினி ஓட்டைக்கு ஒத்துக்கொண்டதற்குக் காரணம் வேறு. கொழுந்து எடுக்கப் போகிறவர்கள் இடுப்பில் படங்கு கட்டுவோம். முன்பு சாக்கு, இப்போது பிளாஸ்டிக் தாள். செடி குத்தாமல், சேலை நனையாமல் இருக்க வயிற்றைச் சுற்றி இறுக்கிக் கயிறு கட்டவேண்டும். வயதாகி எஸ்டேட்டில் பேர் வெட்டிய பிறகும் மதினி கூப்பிட்டபோதெல்லாம் தற்காலிகமாக வேலைக்குப் போகிறவர்.

"விலாவுக்குக் கீழ கிழிச்சுட்டா அந்த எடத்துல கயிறு இழுத்துக் கட்ட ஏலாது," என்று என்னிடம் சொன்னார். "காம்பராக்குள்ள ஒக்காந்து ஒன் மூஞ்சியப் பாத்துக்கிட்டே இருக்கணும். நீயும் பேச மாட்ட. அதுக்கு அந்த மாடே முட்டியிருக்கலாம்."

தடுப்பூசிகள் போட்டார்கள். மண்ணீரல் இல்லாவிட்டால் சில கிருமிகளை உடம்பு தாங்காதாம், அதனால் முன்கூட்டியே போடுவார்களாம். அதற்குப் பிறகு நாள் குறித்து, ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். மதினியின் மூத்த மகள் வருவதாக இருந்தது. ஆபரேசன் அன்று காலையில் அவளிடமிருந்து போன். மலைப் பாதையில் மரம் விழுந்து பஸ் வளைவில் நிற்கிறது.

"அத்தை, நீங்க மட்டுந்தான் இருக்கீங்களா? டாக்டர் கேட்டா நீங்களே பேசிருவீங்களா?"

"ம்," என்றேன்.

தள்ளுவண்டியில் ஏறும்போது மதினி என் கையைப் பிடித்தார். கை ஜில்லென்று இருந்தது. "எதாச்சும் கேட்டா, எங்க மதினி வந்து சொல்லுவாங்கன்னு சொல்லு," என்றார். விளையாட்டுக்குத்தான் சொன்னார். ஆனால் உதடு கோணிக்கொண்டது. வண்டியை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள்.

கொஞ்சம் கழித்து டாக்டர் பச்சைச் சட்டையோடு நடையில் வந்தார். நான் எழுந்து நின்றேன். தரையைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்காகத் தன் வயிற்றிலேயே தொட்டுக் காட்டினார்.

"மொதல்ல இங்க, தொப்புள்கிட்ட ஒரு ஓட்டைங்கம்மா. அது வழியா காத்தடிச்சு வயித்த உப்ப வெச்சு, கேமராவ உடுவோம். அப்புறம் பக்கத்துல மத்த ஓட்டைங்க. முடிஞ்சதும் கூப்பிடறோம்."

அவர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் உட்கார்ந்தேன். தொப்புள், காற்று, கேமரா. இந்த மூன்றும் எனக்குத் தெரிந்தவைதான் என்று தோன்றியது. எங்கே என்று உடனே பிடிபடவில்லை. பிறகு பிடிபட்டது.

அது கேம்ப்.

நாங்கள் பிள்ளை பெறும் வயதில், ரெண்டாவது பிள்ளை பிறந்த பொம்பளைகளை எஸ்டேட் லாரியில் ஏற்றிக்கொண்டு போவார்கள். அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டு, பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டிருப்பார்கள். தொப்புளில் ஒரு ஓட்டை, காற்று, கேமரா. மத்தியானத்துக்குள் முடிந்து அதே லாரியில் திரும்பி வருவோம். மற்ற ஊர்களில் அதைக் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேசன் என்றுதான் சொல்வார்கள். எங்கள் லயத்தில் அப்படி யாரும் சொன்னதில்லை. கேம்ப்புக்குப் போனது என்போம், அவ்வளவுதான். ஆபரேசன் என்றால் நோய்க்குச் செய்வது, ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துச் செய்வது. இது பொம்பளைக் காரியம், ஆம்பளை முன்னால் எடுக்காத பேச்சு. டாக்டர் ஆபரேசன் என்று கேட்டபோது எங்கள் ரெண்டு பேர் நினைப்பிலும் கேம்ப் வரவே இல்லை. எங்கள் லயத்தில் எந்தப் பொம்பளையைக் கேட்டிருந்தாலும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பாள்.

எனக்கு அது ஆறிவிட்டது. மதினிக்குப் பழுத்துவிட்டது. வயிறு கல்லு மாதிரி இறுகி, தொப்புளில் இருந்து சீழ் வந்துகொண்டே இருந்தது. வெந்நீர் வைத்து நான்தான் துடைப்பேன். ஆறின பிறகும், சாக்கைத் தூக்கி நிமிரும்போது மதினி ஒரு தடவை நின்று மூச்சு விடுவார். "உள்ள என்னமோ ஒட்டிக்கிட்டு இழுக்குது புள்ள," என்பார். தழும்பு தொப்புள் மடிப்புக்குள் போய்விட்டது. மாத்திரையில் வயிறும் உப்பிப் போன பிறகு யார் பார்த்தாலும் தெரியாது.

அந்த இடத்தில்தான் முதல் ஓட்டை போடப் போகிறார்கள்.

சொல்லவேண்டும் என்று தெரிந்தது. யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. கதவுக்குப் பக்கத்தில் காவல்காரர். பெஞ்சு முழுக்க ஆம்பளைகள், வேறு யாருக்கோ காத்திருக்கிறவர்கள். மதினியின் தொப்புளைப் பற்றி அவர்கள் காதில் விழும்படி நான் எப்படிச் சொல்வேன். ஒரு நர்ஸ் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். எழுந்தேன். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை.

"ஒக்காருங்கம்மா, கூப்பிடுவாங்க," என்று சொல்லிக்கொண்டே போய்விட்டாள்.

காவல்காரரிடம் போனேன். "உள்ள சொல்லணும்," என்றேன்.

"என்னங்கம்மா சொல்லணும்? எங்கிட்டச் சொல்லுங்க, நான் சொல்றேன்."

அவருக்கு என் மகன் வயதுகூட இருக்காது. நான் திரும்பி வந்துவிட்டேன். சுவரில் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே மதினிக்கு மயக்க ஊசி போட்டிருப்பார்கள், கத்தியை எடுத்திருப்பார்கள் என்று மனசு ஓடியது. அந்த நர்ஸ் கையில் ஏதோ எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள். அவள் கதவைத் தள்ளும்போது நான் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அவளோடு சேர்ந்து உள்ளே நுழைந்துவிட்டேன். பின்னால் காவல்காரர் கூப்பிட்டது கேட்டது. நான் நர்ஸின் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன்.

"கேம்ப்புல பண்ணினது," என்றேன். "எங்க மதினிக்கு."

"எந்தக் கேம்ப்பும்மா? கண்ணு கேம்ப்பா? கைய விடுங்க."

"கண்ணு இல்ல. தொப்புள்ல. பிள்ளை வேணாம்னு பண்ணினது. பழுத்துருச்சு. ரொம்ப நாளு. உள்ள ஒட்டியிருக்குன்னு சொல்லுவாங்க. அங்க ஓட்டை போட வேணாம்னு சொல்லு தாயி."

அவ்வளவு பேச்சு ஒரே மூச்சில் நான் பேசியதில்லை. அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். அப்புறம் கிட்டத்தட்ட ஓடினாள்.

டாக்டர் உள் கதவைத் திறந்து வந்தார். முகத்துணி கழுத்தில் தொங்கியது. நான் அவர் கால் செருப்பையே பார்த்தேன்.

"இன்னும் ஆரம்பிக்கலீங்கம்மா. எத்தன நாள் சீழ் இருந்துச்சு?"

"ஒரு மழையில பண்ணுனாங்க. அடுத்த மழை வரைக்கும் இருந்துச்சு."

"அப்புறம் அங்க வலிக்குதுன்னு சொல்லுவாங்களா?"

"நிமிந்தா இழுக்கும்னு சொல்லுவாங்க."

"சரிங்கம்மா. அந்த வழியா போகல. மேல வேற எடத்துல கொஞ்சமா தொறந்து, உள்ள என்ன இருக்குதுன்னு கண்ணால பாத்துட்டுப் போறோம். நேரம் ஆகும். ஒட்டல் நெறைய இருந்தா முழுசாத் தொறக்க வேண்டி வந்தாலும் வருமுங்க."

வெளியே வந்து செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டேன். காவல்காரர் ஏசுவார் என்று நினைத்தேன். அவர் பெஞ்சில் இடம் காட்டினார்.

முன்னே இருந்த பயம் வேறு, இப்போது வந்த பயம் வேறு. திறந்தாலும் திறப்போம் என்று சொல்லிவிட்டார். நான் பேசியதால்தான் திறக்கிறார்களோ என்று இருந்தது. பேசாமல் இருந்திருந்தால் நாலு ஓட்டையோடு மதினி வெளியே வந்திருப்பாரோ. இல்லை, வராமலேயே போயிருப்பாரோ. எதை நினைத்தாலும் அடுத்தது வந்து இடித்தது. ஓட்டையில் செய்தால் நேரம் கூட ஆகும் என்று அவர் முதலிலேயே சொன்னதை நினைத்துக்கொண்டேன். நேரம் ஆக ஆக அது நல்லதா கெட்டதா என்று தெரியாமல் போனது. எனக்குப் பிறகு வந்தவர்களின் ஆட்களெல்லாம் வெளியே வந்துவிட்டார்கள். ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம் வந்து எதிர்க் கட்டடத்தை மூடியது, விலகியது, திரும்பவும் மூடியது.

ஒரு தடவை அந்த நர்ஸ் மஞ்சளாக ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வேகமாக உள்ளே போனாள். ரத்தமென்றால் சிவப்பாக இருக்கும். மஞ்சளைப் பார்த்ததும் எனக்கு அந்தக் காலத்துச் சீழ்தான் கண் முன்னால் வந்தது. பக்கத்தில் இருந்த ஒரு அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அது பிளேட்லெட்டுங்க, எங்க பையனுக்கும் டெங்குல ஏத்துனாங்க," என்றார். அவரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

மகளிடமிருந்து போன் வந்தது. இன்னும் மரத்தை அறுக்கிறார்கள். அம்மா எப்படி இருக்கு என்று கேட்டாள். "உள்ளதான் இருக்காங்க," என்றேன். அதற்கு மேல் சொல்ல எனக்கும் தெரியாது.

மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டி என்னைக் கூப்பிட்டார்கள். எடுத்ததைச் சொந்தக்காரர்களுக்குக் காட்டுவது வழக்கமாம். டாக்டர் ஒரு தட்டை நீட்டினார். கருஞ்சிவப்பாகத் துண்டு துண்டாகக் கிடந்தது. பக்கத்தில் தனியாக ஒரு பட்டாணி அளவு உருண்டை.

"இது குட்டி மண்ணீரலுங்க. சில பேருக்கு இப்படிக் கூட ஒண்ணு இருக்கும். உட்டுட்டா திரும்பவும் இதே வேலையப் பண்ணும். தேடி எடுத்தாச்சு."

எனக்குக் கேட்கவேண்டியது ஒன்றுதான். இந்தத் தடவை அவர் முகத்தைப் பார்த்தே கேட்டேன். "தொறந்துட்டீங்களா?"

"இல்லீங்கம்மா. ஓட்டைலயே முடிஞ்சுது. பைய எடுக்கறதுக்கு ஒண்ண மட்டும் கொஞ்சம் பெருசு பண்ணினோம். தொப்புளுக்கு நேரா கீழ கொடல் ஒட்டிக்கிட்டுத்தான் இருந்துச்சு. அந்த வழியா எறங்கியிருந்தா கொடல்ல பட்டிருக்கும். அப்ப கண்டிப்பாத் தொறந்திருக்கணும்."

நான் தட்டைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டேன். டாக்டரைக் கும்பிடத்தான் கை எடுத்தேன். அவர் சிரித்துக்கொண்டே தட்டை அந்தப் பக்கம் கொடுத்தார்.

மதினிக்கு நினைவு தெளிந்ததும் முதல் பேச்சு தோளைப் பற்றித்தான். "வயித்துல பண்ணிட்டு இடது தோள் வலிக்குது. கீழ போட்டுட்டாங்களா என்னைய?"

உள்ளே அடித்த காற்று அப்படித்தான் தோளில் வலிக்கும், போய்விடும் என்று நர்ஸ் சொன்னாள். அவளே இன்னொன்றையும் சொல்லிவிட்டாள். "உங்க கூட வந்த இவங்கதான் கேம்ப் விஷயத்த ஓடி வந்து சொன்னாங்க."

மதினி என் பக்கம் மெதுவாகத் திரும்பினார். "யாருகிட்ட?"

"டாக்டருகிட்ட."

"அந்த ஆம்பளகிட்டயா?"

"ம்."

"சீழு வந்ததையுமா?"

"ம்."

கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். "வேற என்னெல்லாம் சொன்ன?" என்றார்.

மகள் வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது. மறுநாள் மதினி எழுந்து நடந்தார். பிளேட்லெட் ஏறியது. மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்தினார்கள். லயத்துக்கு வந்த பிறகு காட்டுமாட்டுக்காரர் பார்க்க வந்து, வாசலிலேயே தன் சட்டையில் கை வைத்தார்.

"தூக்காத," என்றார் மதினி. "ஒன்னோடது ரோடு. என்னோடது நாலு அட்டைக்கடி."

இப்போது மதினி வேலைக்குப் போகிறார். படங்குக் கயிற்றைக் கொஞ்சம் தாழ்த்திக் கட்டிக்கொள்கிறார்.

போன மழையில் ஒரு காலை. பெரட்டுக்குக் கிளம்பும் நேரம். தேத்தண்ணியை வாங்கும்போது மதினியின் விரல் என் கையில் பட்டது. சூடாக இருந்தது. கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன்.

"கொஞ்சம் மழையில நனைஞ்சேன். கசாயம் குடிச்சாப் போதும்," என்றார்.

"போறோம்," என்றேன்.

"எங்க போறது? கீழ பாதையில மாடு நிக்குதாம். பஸ்சும் இப்ப இல்ல. சாயங்காலம் பாக்கலாம்."

நான் வெளியே வந்து, கணக்கப்பிள்ளை நிற்கிற இடத்துக்குப் போய், எஸ்டேட் ஜீப் வேண்டும் என்று கேட்டேன். பெரட்டில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். "ஊமை பேசுது," என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. என்னா அவசரம் என்று கணக்கப்பிள்ளை கேட்டார். மண்ணீரல் இல்லாத ஒடம்பு, காய்ச்சல் காத்திருக்காது என்று சொன்னேன்.

ஜீப்போடு திரும்பி வந்தபோது மதினி ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வண்டியில் ஏறினார். ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்ன செய்கிறது என்று அவரைக் கேட்டாள்.

மதினி என் பக்கம் கையைக் காட்டினார்.